சுடாத நீரும் சலவை இயந்திரமும்

முன்புறக் கதவுடைய சலவை இயந்திரம் ஒன்று ஓடுகிறது. உருளை சுழல்கிறது, நுரை எழுகிறது, முடிவில் மணியும் ஒலிக்கிறது. ஆனால் உள்ளே சென்ற நீர் மட்டும் சுடவில்லை. சில இயந்திரங்கள் பிழைக்குறி காட்டி நின்றுவிடும். வேறு சில, ஒன்றும் நேராதது போல் வேலையை முடித்துவிடும். நோயாளியின் விரிப்பை 60 டிகிரி வெந்நீரில் வெளுத்துவிட்டதாக நம்பி நாமும் மடித்து வைத்துவிடுவோம். அந்த வெப்பத்தில் மடிய வேண்டிய தூசிப் பூச்சிகளோ உயிரோடு இருக்கும். ஆதலின் இதனைச் சிறு குறை என்று நான் ஒதுக்கமாட்டேன்.

“ஹீட்டர் போய்விட்டது, மாற்றிவிடுங்கள்” என்பதே இத்தகைய வேளையில் முதலில் எழும் சொல். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் நீர் சுடாமை என்பது அறிகுறியே அன்றிக் காரணம் அன்று. செலவில்லாத கேள்விகளை முதலில் கேட்பதே முறை.

நம் இயந்திரத்தில் ஹீட்டர் உண்டா? மேற்புறம் திறக்கும் இயந்திரங்கள் பலவற்றில் அது கிடையாது. உண்டெனில், நாம் தேர்ந்த சலவை முறை வெந்நீருக்கு உரியதா? குளிர்நீர் முறையைத் திருகி வைத்துவிட்டு இயந்திரத்தைக் குறை கூறுவதில் பயனில்லை.

அடுத்து ஒரு சோதனை. 2000 வாட் ஹீட்டர், 10 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 12 நிமிடம் ஆகும். துணியும் உருளையும் தம் பங்கு வெப்பத்தை ஏற்பதால் 20 நிமிடம் என்று கொள்வோம். அதன் பின் கண்ணாடிக் கதவை மெல்லத் தொட்டுப் பாருங்கள். வீட்டு மின்னளவியையும் கவனியுங்கள். ஹீட்டர் வேலை செய்தால் அதன் சிறு விளக்கு விரைந்து துடிக்கும். கண்ணாடியும் குளிர்ந்து, விளக்கும் மெல்லத் துடித்தால், ஹீட்டரில் மின்சாரம் பாயவில்லை என்பது தெளிவு.

ஏன் பாயவில்லை? காரணங்கள் பல. நீர் போதிய அளவு நிரம்பியதை உணர்த்தும் உறுப்பு பழுதானால், வெறும் உருளையில் ஹீட்டர் எரிந்துவிடாதிருக்க இயந்திரம் மின்சாரத்தை விடாது. வெப்பத்தை உணரும் உறுப்பு தவறாகக் காட்டினால், குளிர்நீரையே வெந்நீர் என்று அது கருதிவிடும். இணைப்புக் கம்பி கருகியிருக்கலாம். இவை ஒன்றும் இல்லையெனில் ஹீட்டரின் உட்கம்பி அறுந்திருக்கலாம். இணைப்பைக் கழற்றி அளந்தால், 230 வோல்ட்டில் இயங்கும் 2000 வாட் ஹீட்டர் சுமார் 26 ஓம் தடை காட்ட வேண்டும். அந்த அளவு சரியாக இருக்கும்போது புது ஹீட்டர் வாங்குவது வீண் செலவு.

உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் ஹீட்டர் மேல் சுண்ணாம்பு படியும். அதனால்தான் நீர் சுடவில்லை என்று பலர் எண்ணுகின்றனர். வெப்பம் எப்படியும் நீரைத்தான் சென்று சேரும். ஆனால் அந்தப் படிவு வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. அதனால் உட்கம்பி அளவுக்கு மீறிக் காய்ந்து, நாளடைவில் அறுந்துபோகும். சுண்ணாம்பை அவ்வப்போது நீக்குவது ஹீட்டரின் ஆயுளை நீட்டும். அறுந்த கம்பியை அது ஒட்டவைக்காது.

இனி நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. ஹீட்டரின் உறை வெடித்தால், நீர் உட்புகுந்து மின்சாரம் இயந்திரத்தின் உடலுக்குக் கசியும். அப்போது வீட்டிலுள்ள மின்கசிவுத் தடுப்பான் மின்சாரத்தைத் துண்டிக்கும். “இது அடிக்கடி விழுகிறது” என்று அதனை விலக்கிவிட்டு நேரே இணைப்புக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது காவற்காரனை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அது துண்டிக்குமாறு அமைத்திருப்பது ஈரக் கையோடு நிற்பவரின் உயிரைக் காப்பதற்காகவே. அது விழுந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொழில் தெரிந்தவரை அழையுங்கள். நிலத்தொடர்புக் கம்பி சரியாக உள்ளதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

சலவை முறையையும், கண்ணாடியின் சூட்டையும், மின்னளவியின் துடிப்பையும் பார்ப்பது வீட்டார் எவருக்கும் இயலும். மூடியைத் திறந்து அளப்பது பயின்றவர் வேலை. அவர் வந்ததும், நீங்கள் கண்டவற்றை வரிசையாகச் சொல்லுங்கள். “அளந்து பார்த்தபின் மாற்றுங்கள்” என்றும் சொல்லுங்கள்.