இரவுப் படிப்பும் இரவுப் பயணமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் மூளை டாக்டர் இல்லை. ஷிப்ட் வேலை பார்க்கும் எஞ்சினீயர். அதனால் தூக்கத்தைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு!

மனம் எங்கெங்கோ அலையும்போது மூளையில் ஓர் இணைப்பு வேலை செய்கிறது. ஒரு காரியத்தில் கவனம் வைக்கும்போது வேறோர் இணைப்பு. ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும். தூக்கம் கெட்டால் இந்த ஒழுங்கு தளர்ந்துபோகிறது. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி ஒரே பக்கத்தை நாலு தடவை படிச்சும் ஏறலையே என்று தம்பிகள் தலையில் அடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டீ குடித்தால் சரியாகிவிடாதா? விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. தூக்கத்தை வரவழைப்பதில் அதற்குப் பெரும் பங்கு. டீயில் உள்ள கஃபீன் அது ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். சேர்ந்ததைக் கழிக்கத் தூங்கித்தான் ஆகவேண்டும்.

2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தினம் 6 மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டு 2 வாரம் சோதித்தார்கள். கவனச் சோதனையில் அவர்கள், ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காதவர் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் தங்களுக்கு அவ்வளவு தூக்கக் குறைவு இருப்பதாக அவர்களுக்கே தோன்றவில்லை. அளக்கிற மீட்டரே பழுது என்றால் ரீடிங்கை எப்படி நம்புவது?

நம் சென்னையிலேயே 452 ஏழைத் தொழிலாளர்களை டேட்டா என்ட்ரி வேலையில் வைத்து நடத்திய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. படுக்கையில் 8 மணி நேரம். தூங்கியதோ ஐந்தரை மணி நேரம். வெக்கை, கொசு, சத்தம், நெரிசல். உதவி செய்து ராத்திரித் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டியும் வேலை மேம்படவில்லை. ஆனால் வேலையிடத்தில் மதியம் அரை மணி நேரம் தூங்கவிட்டபோது கவனமும் வேலைத்திறனும் கூடின. தூங்கிய நேரத்துக்குக் கூலி போயிற்று என்பதும் உண்மைதான். இருந்தாலும், மதியம் கண் அசருபவரைச் சோம்பேறி என்று திட்டும் நம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இனி கார் வைத்திருப்பவர்களுக்கு. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவர் அளவுக்குக் குறைகின்றன. நம் சட்டம் அனுமதிப்பது 30! காலை 5 மணிக்கு எழுந்து இங்கு வந்தவருக்கு இரவு 10 மணிக்கு அந்த 17 மணி நேரம் ஆகிவிடும். கீரனூர் தாண்டுவதற்குள் கண் சொருகும். விருந்து முடிந்து சென்னைக்குக் கிளம்புபவர்கள், ஓட்டுபவர் மதியம் தூங்கினாரா என்று கேளுங்கள். தூங்கவில்லை என்றால் புதுக்கோட்டையிலேயே படுத்துவிட்டு விடிந்ததும் போகலாம்.