கடற்றொழிலும் நம் பிள்ளைகளும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரயில்வேக் குமாஸ்தாக்களாகிய நாம் கடலைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால் இந்தக் கரக்பூர் வழியே ஹால்டியாத் துறைமுகத்துக்கு ஓடும் சரக்கு வண்டிகளைப் பாருங்கள். நம் ரசீதில் அங்கே முடியும் சரக்கு, கப்பலேறி அயல்நாட்டுக்கும் செல்கிறது. நம் நாட்டின் வெளிநாட்டு வாணிபத்தில், எடையளவில், ஏறத்தாழ 100-க்கு 95 பங்கு கடல்வழியேதான் நடைபெறுகிறது. எனவே இரயிலும் கப்பலும் ஒரே தொழிலின் இரு கைகள்.

கடல் தமிழருக்குப் புதிதன்று. 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பல் விட்டார். அத்தகைய மரபில் வந்த நாம், நம் பிள்ளைகளுக்கு இரயில்வேயையும் பாங்கியையும் தவிர வேறு வழி தெரியாதவர்களாய் இருக்கலாமா?

கப்பலில் வேலை இரு பெரும் பிரிவுகளாய் உள்ளது. ஒன்று மேல்தளம், கப்பலை வழிநடத்துவதும் சரக்கைக் காப்பதும் அதன் கடமை. பயிற்சி மாணவராய்ச் சேர்பவர், தேர்வுகள் எழுதிப் படிப்படியாய் உயர்ந்து காப்டன் ஆகலாம். மற்றொன்று எஞ்சின் பிரிவு. அதன் உச்சி, தலைமை எஞ்சினீயர் பதவி.

இப்பயிற்சிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம், இரசாயனம், கணிதம் மூன்றும் பயின்று நல்ல மதிப்பெண் பெற்றிருத்தல் வேண்டும். 2008-இல் ஏற்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் சென்னையில் உள்ளது. அதன் கொல்கத்தா வளாகமோ நமக்கு அண்மையில், தாராதலாவில் இருக்கிறது. 1949-இல் தொடங்கிய கடற்பொறியியல் கல்லூரியே அது. ஆண்டுதோறும் நுழைவுத் தேர்வு நடத்தி மாணவரைச் சேர்க்கிறார்கள். பத்தாம் வகுப்புடன் நின்றவர்களும் மனந்தளர வேண்டா. ஆறு மாதப் பயிற்சி பெற்று மாலுமியாய்ச் சேர அவர்களுக்கும் வழியுண்டு.

கண் பரிசோதனையை முதலிலேயே செய்துகொள்வது நலம். கப்பலின் இடப்புறம் சிவப்பு விளக்கு, வலப்புறம் பச்சை விளக்கு. இரவில் எதிர்வரும் கப்பல் எப்பக்கம் செல்கிறது என்பதை அவற்றைக் கொண்டே அறிவார்கள். சிக்னலின் அருமை அறிந்த நமக்கு, நிறம் பிரித்தறியாதவர் அங்கே நிற்கலாகாது என்பதை விளக்கவும் வேண்டுமோ?

பெண்களுக்கும் இத்துறை திறந்திருக்கிறது. 2015-இல் வங்கக் கடலில் தத்தளித்த ஏழு மீனவர்களைக் காப்பாற்றிய காப்டன் இராதிகா மேனன், அடுத்த ஆண்டில் அச்செயலுக்காக உலகக் கடல்சார் அமைப்பின் வீரப் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

கடலேற விரும்பாதவர்க்குக் கரையிலும் வேலை உண்டு. துறைமுக நிர்வாகம், சுங்க முகவர் அலுவலகம், கப்பல் கட்டும் தளம் எனப் பலவாறு விரியும். கப்பலை வடிவமைக்கும் கல்வியை நம் ஊர் ஐ.ஐ.டி.யிலேயே கற்பிக்கிறார்கள்.

இன்பத்தைச் சொன்ன நாம் துன்பத்தையும் மறைக்கலாகாது. பல மாதங்கள் வீட்டைப் பிரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஒப்பந்த வேலையாதலால், கரையில் இருக்கும் மாதங்களில் பலருக்குச் சம்பளம் இராது. புயலும் தனிமையும் உடன் வரும்.

இவற்றினும் கொடிது, தரகர் கையில் அகப்படுவது. நாம் அறிந்த ஒரு குடும்பத்தில், தந்தை சேமநிதியில் கடன் வாங்கியும் தாய் வளையல்களை விற்றும் ஒருவரிடம் பணம் கட்டினார்கள். பையனுக்குக் கிடைத்தது போலிச் சான்றிதழ், கப்பல் கிடைக்கவில்லை. கடன் மட்டும் இன்னும் மாதந்தோறும் சம்பளத்தில் பிடிபடுகிறது.

ஆகவே பெற்றோர்களே, இரண்டு செய்திகளை நெஞ்சில் நிறுத்துங்கள். பயிற்சிப் பள்ளி அரசின் அங்கீகாரம் பெற்றதா, ஆளெடுக்கும் முகவர் அரசின் உரிமம் பெற்றவரா என்று அரசு வெளியிடும் பட்டியலில் பார்த்த பின்னரே ஒரு காசேனும் கொடுங்கள். பயிற்சிக்குக் கட்டணம் உண்டு. ஆனால் கப்பலில் வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் கட்டணம் கேட்பது சட்டப்படி குற்றம். அவ்வாறு கேட்பவர் எவராயினும், நம் ஊர்க்காரரேயாயினும், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

விண்ணப்பம் எழுதவும், பட்டியலைப் பார்க்கவும் உதவி வேண்டுவோர் ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்துக்கு வரலாம். எழுத்து வேலை நமக்குப் பழகிய வேலைதானே! அஞ்சாமலும் ஏமாறாமலும் நம் பிள்ளைகள் கடலேறுக!