அட்டை எந்த நூலகத்துக்குச் சொந்தம்?



மென்பொருள் சோதனைக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்குவது பெருமை. எதிரே இருப்பவர்களில் பலர் கம்பைலரையே பிரித்துப் பார்த்தவர்கள் என்பதால் கொஞ்சம் பதற்றமும் உண்டு. பொருள்நோக்கு நிரலாக்கத்தில் சோதனை என்ற பெருந்தலைப்பைக் கட்டுரையாளர்கள் நாள் முழுவதும் அலசப்போகிறார்கள். ஆகவே தலைமை உரை ஒரே ஒரு மூலையில் நிற்க அவையின் அனுமதியை வேண்டுகிறது: இன்னர் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் ரெஃபரன்ஸ்.

ஜாவாவில் இன்னர் கிளாஸ் 1997இல் 1.1 பதிப்போடு வந்தது. இரட்டை முக்காற்புள்ளி போட்டு 'நியூ' எழுதும் கன்ஸ்ட்ரக்டர் ரெஃபரன்ஸ் முறை 2014இல் ஜாவா 8உடன் சேர்ந்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் சிக்கல். இன்னர் கிளாஸின் ஆப்ஜெக்ட் பிறக்க வெளி ஆப்ஜெக்ட் ஒன்று வேண்டும். அது எது என்று இந்தக் குறியீட்டில் சொல்ல வழியில்லை. எழுதிய இடத்தைச் சூழ்ந்திருக்கும் 'திஸ்' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

'நூலகம்' என்றொரு கிளாஸ். அதற்குள் பிரைவேட் அல்லாத 'அட்டை' என்ற இன்னர் கிளாஸ். நூலகத்தின் மெத்தட் ஒன்றுக்குள், நூலகத்தையே எக்ஸ்டெண்ட் செய்து பெயரில்லாத கிளை ஒன்றை எழுதி, அதனுள் 'அட்டை::நியூ' என்று போட்டால் பிறக்கும் அட்டை யாருடையது? வேகமாகப் படிப்பவர், அந்த மெத்தட் ஓடும் வெளி நூலகத்துடையது என்பார். அட்டையைக் கிளையும் மரபுரிமையாகப் பெற்றிருப்பதால் அது கிளைக்கே போகும். 'அசெர்ட் நாட் நல்' மட்டும் வைத்த சோதனை இதற்கும் பச்சைக்கொடி காட்டிவிடும்.

"கம்பைலர் எழுதுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பது மூத்த சகாக்கள் சிலரின் நெடுநாள் நிலைப்பாடு. பணிவோடு மறுக்க வேண்டியிருக்கிறது. இங்கே கம்பைலர் விதிப்படிதான் நடக்கிறது. பிசகியது நிரல் எழுதியவரின் கணிப்பு. கம்பைலருக்கான சோதனையில் அது சிக்காது.

ஜோஷுவா பிளாக் 'எஃபெக்டிவ் ஜாவா' நூலில் ஸ்டாட்டிக் கிளாஸையே விரும்பச் சொல்கிறார், இன்னர் கிளாஸை மறந்துவிடலாம் என்பது இன்னொரு தரப்பு. புதிய நிரலுக்கு அது நல்ல அறிவுரை. ஆனால் ஜேயூனிட் 5இன் 'நெஸ்டட்' சோதனை கிளாஸ்களே ஸ்டாட்டிக்காக இருக்கக்கூடாது. சோதனைக் கருவியே இன்னர் கிளாஸ் கேட்கும்போது எப்படி மறப்பது?

கோட்லின் இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது: இரட்டை முக்காற்புள்ளிக்கு முன்னால் வெளி ஆப்ஜெக்டையே எழுதலாம். ஜாவாவில் அதற்கு லாம்டாவைத்தான் நாட வேண்டும். ஓப்பன்ஜேடிகே மூலநிரலில் இன்னர் கிளாஸ் கன்ஸ்ட்ரக்டர் ரெஃபரன்ஸுக்கென்றே தனிச் சோதனைக் கோப்பு இருக்கிறது. மொழி வரையறையை மேற்கோள் காட்டும் கட்டுரைகள் அந்தக் கோப்பையும் திறந்து பார்க்க வேண்டும்.

இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோதனையில் வெளி ஆப்ஜெக்ட் ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டை உருவாக்குங்கள். பிறந்த ஆப்ஜெக்ட் எதனோடு கட்டுண்டிருக்கிறது என்பதை 'அசெர்ட் சேம்' கொண்டு ஒப்பிடுங்கள். அமர்வு தொடங்கட்டும்.