ஆறாவது எண்



ஒரு சிறு கணக்கை மனத்திலேயே போட்டுப் பாருங்கள். இரண்டில் தொடங்கி, வரும் எண்ணை மீண்டும் மீண்டும் அதனாலேயே பெருக்கிக்கொண்டு போனால் 2, 4, 16, 256, 65536 என வரும். ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டினால் கிடைப்பவை 3, 5, 17, 257, 65537. இவ்வைந்தும் பகா எண்கள். தம்மாலும் ஒன்றாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை. இவ்வரிசையில் ஆறாவது எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. அதுவும் பகா எண்தானா?

பிரான்சு நாட்டுக் கணித மேதை ஃபெர்மா, ஆம் என்றே நம்பினார். ஆயினும் 1640-இல் எழுதிய கடிதத்தில், தம்மிடம் நிறைவான நிரூபணம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

பயிற்சி முடித்து ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், நான் இவ்வரிசையைக் கரும்பலகையில் எழுதி, ஆறாவதும் பகா எண்ணே என்று உறுதியாகக் கூறினேன். ஃபெர்மாவின் தயக்கத்தைச் சொல்லாமல் விட்டேன். கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "வகுத்துப் பார்த்தீர்களா, ஐயா?" என்றான். வகுப்பு சிரித்தது. "மேதைகள் சொன்னதை நீ சோதிக்க வந்துவிட்டாயா? உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான், அவன் கேள்வி உட்காரவில்லை.

அன்றிரவே 3, 7, 11 எனப் பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுக்கத் தொடங்கினேன். மறுநாள் இரவு, நூற்றுக்கும் மேற்பட்ட வகுத்தல்களுக்குப் பின், 641-க்கு வந்தேன். மீதி இல்லை! ஈவு 67 லட்சத்து 417.

இதனை ஆய்லர் 1732-லேயே கண்டறிந்துவிட்டார் என்பதைப் பின்னரே படித்தேன். இவ்வெண்ணின் காரணி எதுவாயினும், அதனை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என அவர் பிற்காலத்தில் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாம் முயற்சியிலேயே விடை!

நீங்களும் சரிபார்க்கலாம். 65536-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 154. அந்த 154-இன் வர்க்கம் 23716; அதனை 641-ஆல் வகுத்தால் மீதி 640. எனவே 65536-இன் வர்க்கத்தை வகுத்தாலும் மீதி 640 தான். ஒன்றைக் கூட்டினால் 641, மீதி மறைந்துவிடுகிறது.

அடுத்த நாள் அவ்வகுத்தலைக் கரும்பலகையில் எழுதி, "நான் சொன்னது தவறு, இம்மாணவன் கேட்டதே சரி" என்றேன். மதிப்புக் குறையுமென்று அஞ்சியிருந்தேன். அன்றுமுதல் வகுப்பில் கேள்விகள் பெருகின.

இவ்வரிசையில் ஆறாவது முதல் முப்பத்து மூன்றாவது வரையுள்ள எண்கள் யாவும் பகுபடுபவை என இப்போது நிறுவப்பட்டுள்ளது. முதல் ஐந்துக்கு அப்பால் ஒரு பகா எண்ணும் இன்றுவரை அகப்படவில்லை; இனி இல்லவே இல்லை என்றும் எவரும் நிறுவவில்லை. ஐந்து முறை மெய்யானது ஆறாம் முறையும் மெய்யாகும் என்பது நம்பிக்கை, நிரூபணம் ஆகாது.

ஆகவே, உங்கள் ஆசிரியர் சொல்வதையும், வானொலியில் நான் சொன்னதையும், நீங்களே வகுத்துப் பாருங்கள்.