பூநகரிக்குப் போன பூட்டனார்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



யான் மிஷன் பாடசாலையிற் கற்றவன். ஆபிரகாம் முதல் யோசேப்பு வரையுள்ள வம்ச வரலாற்றைப் பிழையின்றி ஒப்புவித்து ஒருமுறை பரிசும் பெற்றேன். பரிசுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்த என்னை அப்பம்மா மறித்து, "எடேய் தம்பி, அவையின்ரை பேரெல்லாம் சொல்லுறாய், உன்ரை பூட்டன்ரை பேரென்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டிலே அவர் பேரைச் சொல்வதில்லை. மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு 1930களிற் பூநகரிப் பக்கம் ஓடிப்போனவர் என்பது மட்டுமே கதை. நாம் இன்று குடியிருக்கும் வளவு அப்போது ஒற்றியிற் கிடந்ததென்றும், பூட்டியின் தமையனாரே அதை மீட்டுத் தந்தார் என்றும் கூறுவர். பூட்டியோ, கணவர் இறந்த செய்தி வராமையால், தாம் கண்மூடும் வரை குங்குமத்தை அழிக்கவில்லை. அதற்காக ஊரார் நகைத்ததும் உண்டு.

பல்கலைக்கழக விடுமுறையில் ஒருநாள் றங்குப்பெட்டியைக் கிளறினேன். 2000 ஆம் ஆண்டு தென்மராட்சி இடம்பெயர்ந்தபோது அப்பா சைக்கிளிற் கட்டிச்சென்ற பெட்டி அது. சோற்றுப் பானையை மறந்தாலும் உறுதிகளை மறவாதவர் யாழ்ப்பாணத்தார்! உள்ளே இரண்டு உறுதிகள் இருந்தன. முதலாவது, தங்கையின் சீதனத்துக்காகப் பூட்டனார் தமது முதுசக் காணியை ஒற்றி வைத்தது. ஒற்றியென்றால், வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவைப் பணங் கொடுத்தவரே அனுபவிப்பார். முதலைத் திருப்பும்வரை காணிக்காரனுக்கு அதிற் பயனில்லை. இரண்டாவது, ஏழாண்டு கழித்து எழுதிய மீட்பு உறுதி. பணங் கொடுத்தவர், "பூநகரியில் வசிக்கும்" பூட்டனாரே!

அடுத்த கிழமை புறப்பட்டேன். 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தை எமது பஸ் சிறிது நேரத்திற் கடந்தது. முன்னர் அங்கே பாதை ஓடியது, பூட்டனாருக்கோ வள்ளந்தான். பாலத்துக்கு அப்பால் இருபுறமும் உவர்த்தரவை, உமரி, கண்டல், சேற்றிலே நின்று இரைதேடும் நாரைகள். விசாரித்து விசாரித்து ஒரு முதியவரைக் கண்டேன். அவருடைய தந்தையாரும் பூட்டனாரும் ஒரே வயலிற் பங்காளிகளாம்.

அவர் என்னைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றார். "உன்ரை பூட்டனும் என்ரை ஐயாவும் வெட்டினது. அளவாய்த் தோண்டினால் நல்ல தண்ணி, ஆசைப்பட்டு இன்னும் தோண்டினால் உவர்தான்" என்றார். மழைநீர் பாரங் குறைந்ததாதலின் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது என்பதைப் புத்தகத்திற் படித்திருந்தேன். அவர்கள் அதை மண்வெட்டியாற் கற்றார்கள். வானத்தை நம்பிப் புழுதியில் விதைத்து, வரம்பு கட்டி உவரைத் தடுத்து, பூநகரிக்குப் பேர்போன மொட்டைக்கறுப்பன் நெல்லைத் தை, மாசியில் அறுத்திருக்கிறார்கள். விற்ற காசிற் பெரும்பகுதியைப் பூட்டனார் ஒரு தகரப் பேணியில் இட்டு வைப்பாராம். "ஒற்றி மீளாமல் அந்தப் படலையைத் திறக்கமாட்டன்" என்பாராம்.

மாசியில் மீட்டார். உறுதியையும் இரண்டு மூடை நெல்லையும் பங்காளி கையில் அனுப்பினார். அடுத்த விதைப்பு முடிய ஊருக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். கார்த்திகை மழையிற் காய்ச்சல் பிடித்தது. வன்னிக் கரையில் மலேரியா குடிகொண்டிருந்த காலம். டி.டி.ரி. தெளிப்பு 1940களின் நடுவிலேயே வந்தது. மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது 2016 இல். பூட்டனாருக்குக் கொயினாவும் உதவவில்லை.

"இங்கைதான் எரிச்சது. ஐயா அக்கரைக்குப் போய் மச்சான்காரனிட்டைச் சொன்னவர்" என்றார் முதியவர்.

எனக்கு வாயடைத்துவிட்டது. ஆகவே பூட்டியின் தமையனார் அறிந்திருந்தார். தங்கையின் குங்குமம் அழியக்கூடாதென்று மரணத்தை மறைத்தாரா? மீட்ட புகழ் தமக்கே நிற்கட்டும் என்று மறைத்தாரா? அவர் பொய்யுரைத்தார் என்பதற்கு என்னிடம் சான்றில்லை. ஊரார் புகழ்ந்தபோது மறுத்தார் என்பதற்கும் சான்றில்லை. அவர் வழிவந்த பெரியோர் சிலர் இச்சபையில் இருக்கின்றீர்கள். இதைப் பேசவேண்டாம் என்று நேற்றும் எனக்குச் சொல்லியனுப்பினீர்கள். உங்கள்மீது எனக்கு மதிப்புண்டு. ஆயினும், ஓடிப்போனவர் என்று எண்பது ஆண்டுக்கு மேலாக இகழப்பட்டவர் மீட்ட நிலத்திலே குடியிருந்துகொண்டு நான் எவ்வாறு மௌனஞ் சாதிப்பேன்?

இறந்தாரோ இருக்கிறாரோ என்றறியாமையால் அவருக்குப் பிதிர்க்கடன் செய்தவர் எம்மில் எவருமிலர். சென்ற ஆடி அமாவாசையன்று குடும்பமாகக் கீரிமலைக்குப் போனோம். ஐயர் பெயர் கேட்டார். அப்பா தம் பாட்டனார் பெயரை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னார். பக்கத்திலே குடையோடு நின்ற அப்பம்மா, சற்றுப் பொறுத்து, "அந்த அம்மான்ரை பேரையும் சொல்லிவிடு, மோனை" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். பின்பு அதையும் சொன்னார்.