நிலமும் பொழுதும்: நகர்வெளி வடிவமைப்பைக் கற்போர்க்கு



நிலத்தோற்ற வடிவமைப்பைப் பட்ட மேற்படிப்பாகப் பயில விரும்பும் பிள்ளையிடம், "தோட்டக்காரனாகவா போகிறாய்?" என்று கேட்கும் பெற்றோர் இன்றும் உளர். ரப்பர்த் தோட்டங்களில் கழிந்த தலைமுறைகளின் அச்சம் அக்கேள்வியில் உண்டு. ஆகவே அதனை நான் எள்ளமாட்டேன். ஆயினும் செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் இத்துறையைப் பயில்வோர் பூந்தொட்டிகளை அடுக்கக் கற்பதில்லை. மழைநீர் எவ்வழி ஓடும், நிழல் எங்கே விழும், முதியவர் எங்கே இளைப்பாறுவார் என்பனவே அவர்தம் வினாக்கள்.

பிரிக்பீல்ட்ஸை எடுத்துக்கொள்வோம். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரை வீடுகளை அழித்தன. பின்னர்ச் செங்கல்லால் நகரை எழுப்பக் களிமண் வெட்டிச் சூளையிட்ட இடமே இது. பெயரிலேயே மண்ணின் வரலாறு உறைகிறது. அடுத்து இரயில்வே பணிமனைகள் வந்தன. தமிழகத் தமிழரும் இலங்கைத் தமிழரும் குடியேறினர். அந்த இரயில் நிலத்தின்மீதே 2001இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 2010 அக்டோபரில் 'லிட்டில் இந்தியா' எனும் பெயரோடு அலங்கார வளைவுகளும் நீரூற்றும் சேர்ந்தன.

வளைவுகள் அழகியவையே. ஆனால் இதே வட்டாரத்தில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. கைத்தடியும் பாதமும் உணரும்படி புடைப்பு வரிகளுடைய ஓடுகள் நடைபாதைகளில் பதிக்கப்பட்டுள்ளன. அவ்வோடுகளின்மேல் மோட்டார் சைக்கிள் நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பார்வையற்றவர் ஒருவரின் தடி அதன் சக்கரத்தில் மோதுகிறது. அவர் வாகனங்கள் விரையும் சாலையில் இறங்கி, மீண்டும் ஏறுகிறார். வரைபடத்தில் அந்தப் பாதை குறையின்றி இருக்கிறது.

குறை எங்கே? தொல்காப்பியர் முதற்பொருள் என்றது நிலத்தை மட்டுமன்று. நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதல். நம் நகர வரைபடங்களில் நிலம் உண்டு, பொழுது இல்லை. விடியலில் ஒழிந்து கிடக்கும் நடைபாதை நண்பகலில் உணவு நாடி வருவோரின் வண்டி நிறுத்துமிடமாகிறது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அதுவே சந்தை. மூன்றையும் காணாமல் வரைந்த கோடு எவருக்குப் பயன்படும்? திணை இலக்கணம் நகர்வெளிக்கென எழுதப்பட்டதன்று என்பதை அறிவேன். எனினும் பார்க்கும் முறையை அதனிடம் கற்கலாம்.

இங்கேதான் தமிழறிந்த மாணவர்க்குப் பணி இருக்கிறது. பூமாலை தொடுக்கும் அம்மாவிடம், "வெயில் எத்தனை மணிக்கு உங்கள் கடைக்குள் வருகிறது?" என்று அவர் மொழியிலேயே கேட்கலாம். அவர் கூறும் விடை எந்த அளவைக் கருவியிலும் கிட்டாது. பிரிக்பீல்ட்ஸ் ஆகட்டும், கிள்ளானின் தெங்கு கிளானா சாலை ஆகட்டும், ஆய்வுக்கு ஒரே தெருவைத் தேர்ந்தெடுங்கள். விடியல், நண்பகல், மாலை, இரவு என நான்கு பொழுதுகளுக்கு நான்கு படங்கள் வரையுங்கள். மழை பெய்யும் மாலைக்கு ஐந்தாவதாக ஒன்று வேண்டும். முதல் படத்தை வரையுமுன் அந்தப் புடைப்பு ஓடுகளின் வழியே ஒருமுறை நடந்து வாருங்கள்.

வினாக்கள் இருப்பின் கேட்கலாம்.