படிவம் யார் கையில்?

(கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து நடத்திய கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற ரசாயன ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)



ஒரு சம்பவத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். நான் வேலை பார்த்த ஊரில் ஒரு தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம். அங்கே சுயநிதிப் பிரிவில், தொகுப்பூதியத்தில், ஒரு இளம் ஆசிரியை கணிதம் கற்பித்து வந்தார். கண்டிப்பானவர். கணக்கைப் போட்டுவராத மாணவனைச் சும்மா விடமாட்டார். பருவ முடிவில் நிர்வாகம் அவரை அழைத்து ஒரு தாளைக் காட்டியது. அதில் இருந்தது ஒரே ஒரு எண்: 2.9. மாணவர்கள் ஐந்துக்குப் போட்ட மதிப்பெண்ணின் சராசரி அது. "மூன்றுக்குக் கீழே போனால் அடுத்த வருஷம் உத்தரவு கிடையாது" என்றார்கள்.

எத்தனை மாணவர்கள் பதில் எழுதினார்கள் என்று அந்த அம்மையார் கேட்டார். அதைச் சொல்லும் வழக்கமில்லை என்று பதில் வந்தது. என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கலாமா என்று கேட்டார். அது ரகசியம் என்று பதில் வந்தது. ஜூன் மாதம் பிறந்தது. உத்தரவு வரவில்லை.

அவரிடம் படித்த மாணவர்கள் சிலர் என் வீட்டுக்கு வந்தார்கள். "நாங்கள் அவரைப் போகச் சொல்லவில்லையே, சார்! அதற்கா அந்தப் படிவத்தை எங்களிடம் வாங்கினார்கள்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இன்று என் பேச்சு.

படிவத்தின் இரு பிறப்பு

ஆசிரியரை மாணவர் மதிப்பிடும் படிவம் நேற்று முளைத்ததல்ல. அமெரிக்காவில் பர்டியூ சர்வகலாசாலையைச் சேர்ந்த ரெம்மர்ஸ் என்ற மனோதத்துவ அறிஞர் 1927-லேயே இதற்கென ஓர் அளவுகோலைத் தயாரித்தார். இது அதன் முதல் பிறப்பு. சர்வகலாசாலைக்குள், அறிஞரின் மேஜையில் பிறந்தது.

இரண்டாவது பிறப்பு வேறு. 1960-களின் முற்பகுதியில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி வளாகத்தில் 'ஸ்லேட்' என்ற மாணவர் ஸ்தாபனம் இருந்தது. சர்வகலாசாலை வெளியிடும் பாடப்பட்டியலுக்கு ஒரு துணை ஏட்டை அந்த மாணவர்கள் தாங்களே வெளியிட்டார்கள். சர்வகலாசாலையின் பட்டியல் பாடத்தின் பெயரைச் சொன்னது. மாணவர் ஏடு அந்தப் பாடம் வகுப்பில் எப்படி நடக்கிறது என்று சொன்னது. கேள்வி கேட்டவர்களும் மாணவர்கள், பதில் சொன்னவர்களும் மாணவர்கள், படித்துப் பயன் அடைந்தவர்களும் மாணவர்களே! அதே வளாகத்தில்தான் 1964-ல் பேச்சுரிமைப் போராட்டம் வெடித்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பின்னால் என்ன நடந்தது? மாணவர்கள் ஏந்திய கருவியை நிர்வாகங்கள் கையில் எடுத்துக்கொண்டன. பதவி உயர்வுக்கும், வேலை நிரந்தரத்துக்கும், வேலை நீக்கத்துக்கும் அதுவே ஆதாரமாயிற்று. கேள்வியை நிர்வாகம் எழுதுகிறது. பதிலை நிர்வாகம் எண்ணுகிறது. முடிவை நிர்வாகம் வைத்துக்கொள்கிறது. மாணவனிடம் மிஞ்சுவது பேனா மட்டும்தான்.

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். அங்கே இறுதியாண்டு மாணவர்களிடம் 2005 முதல் தேசிய அளவில் அபிப்பிராயம் சேகரிக்கப்படுகிறது. பிற்பாடு சர்க்கார் ஒரு கற்பித்தல் தரத் திட்டத்தைக் கொண்டுவந்து, மாணவர்களின் இந்தப் பதில்களை அதில் சேர்த்தது. கட்டணத்தை உயர்த்தும் உரிமையையும் அதே திட்டத்தோடு முடிச்சுப் போட்டது. 2017-ல் வருஷக் கட்டணம் 9,000 பவுனிலிருந்து 9,250 பவுனாக உயர்ந்தது. "உங்கள் கல்லூரி நன்றாயிருக்கிறதா?" என்று கேட்டு, "ஆம்" என்ற பதிலை வைத்தே கட்டணத்தை ஏற்ற வழி செய்தார்கள்! மாணவர்கள் புரிந்துகொண்டார்கள். அந்த ஆண்டு மாணவர் சங்கம் அந்தக் கணக்கெடுப்பைப் பகிஷ்கரிக்க அறைகூவியது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட சர்வகலாசாலைகளில் பாதிப்பேர்கூடப் பதில் தராததால் அவற்றின் முடிவை வெளியிட முடியாமல் போயிற்று.

சராசரி என்னும் பொய்

இனி அந்த 2.9 என்ற எண்ணுக்கு வருவோம். எண் என்றால் பொய் சொல்லாது என்று பலர் நம்புகிறார்கள். பத்து மாணவர்கள் இருக்கும் ஒரு வகுப்பில் பத்துப் பேரும் ஐந்துக்கு மூன்று போடுகிறார்கள். சராசரி 3. இன்னொரு வகுப்பில் ஐந்து பேர் ஐந்து போடுகிறார்கள், ஐந்து பேர் ஒன்று போடுகிறார்கள். அங்கேயும் சராசரி 3 தான். இரண்டும் ஒரே வகுப்பா? முதல் வகுப்பில் ஆசிரியர் யாரையும் தொடவில்லை. இரண்டாவது வகுப்பில் பாதிப்பேரின் கண்ணைத் திறந்திருக்கிறார், பாதிப்பேரைக் கை நழுவ விட்டிருக்கிறார். சராசரி இந்த உண்மையை விழுங்கிவிடுகிறது. அறுபது பேர் வகுப்பில் பன்னிரண்டு பேர் மட்டும் பதில் சொல்லியிருந்தால், அந்த உண்மையையும் விழுங்கிவிடுகிறது.

அது போகட்டும். உயர்ந்த மதிப்பெண் பெற்றவர் நல்ல ஆசிரியர்தானா?

1970-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. ஒரு நடிகருக்கு 'டாக்டர் பாக்ஸ்' என்று பெயர் சூட்டி, பெரிய நிபுணர் என்று அறிமுகம் செய்து, மருத்துவக் கல்வியைப் பற்றி விரிவுரை செய்ய வைத்தார்கள். முன்னுக்குப் பின் முரணான பேச்சு, பொருளில்லாச் சொற்கள், நடுநடுவே நகைச்சுவை. கேட்டவர்கள் மனோதத்துவ மருத்துவர்கள் போன்ற படித்த பெருமக்கள். அவர்கள் படிவத்தில் புகழ்ந்து தள்ளினார்கள்! ஒருவர்கூட மோசடியைக் கண்டுபிடிக்கவில்லை. படித்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், முதலாண்டு மாணவன் ஏமாந்தால் அவனைக் குறை சொல்லலாமா?

கேரெல், வெஸ்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க விமானப்படை அகாதமியின் கணக்குகளை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். அங்கே மாணவன் தன் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லாப் பிரிவுக்கும் ஒரே பரீட்சை. ஆகவே ஒப்பிட வசதியான இடம். மாணவர்கள் மெச்சிய ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பருவத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் அதைத் தொடர்ந்து வரும் அடுத்த நிலைப் பாடத்தில் பின்தங்கினார்கள். அஸ்திவாரம் போட்டு அடித்தளத்தைக் கெட்டிப்படுத்தியவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது. அவர்களிடம் படித்தவர்களே பின்னால் முன்னேறினார்கள். நம் கணித ஆசிரியையை இங்கே நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, பெண்களைப் பற்றியது. வட கரோலினாவில் கணினி வழியாக நடந்த ஒரு பாடத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் துணை ஆசிரியர்கள். மாணவர்கள் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொருவரும் ஒரு பிரிவுக்குத் தம் பெயரிலும், மற்றொரு பிரிவுக்கு மற்றவர் பெயரிலும் பாடம் நடத்தினார்கள். திருத்திய விடைகள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் திரும்பிப் போயின. "காலதாமதமின்றித் திருத்தித் தந்தாரா?" என்ற கேள்விக்கு ஆண் பெயருக்குக் கிடைத்தது 4.35. பெண் பெயருக்கு 3.55! சிறிய ஆராய்ச்சிதான். ஆனால் கடிகாரம் காட்டும் விஷயத்திலேயே பெயரைப் பார்த்து மதிப்பெண் மாறுகிறது என்றால், மற்ற விஷயங்களில் என்ன ஆகும்? பெண் என்பதற்காக அங்கே குறைகிறது. நம் நாட்டில் சாதி, மதம், நிறம், பேச்சு வழக்கு இவையெல்லாம் அந்த ஐந்து கட்டங்களுக்குள் நுழையாது என்று யார் உத்தரவாதம் தருவது?

டொரொன்டோவில் சங்கம் வென்றது

தோழர்களே, இதை எதிர்த்துப் போராட முடியாது என்று எண்ண வேண்டாம். கனடாவில் டொரொன்டோ நகரில் ரையர்சன் சர்வகலாசாலை இருந்தது. 2022-ல் அதன் பெயர் டொரொன்டோ மெட்ரோபாலிட்டன் சர்வகலாசாலை என மாற்றப்பட்டது. அங்கே ஆசிரியர் சங்கம் இந்தப் பிரச்னையைப் பல ஆண்டுகள் விடாமல் நடத்தி, மத்தியஸ்தத்துக்குக் கொண்டுபோயிற்று. 2018 ஜூனில் மத்தியஸ்தர் வில்லியம் கப்லன் தீர்ப்பளித்தார். பதவி உயர்வுக்கோ வேலை நிரந்தரத்துக்கோ கற்பிக்கும் திறனை அளக்க இந்தப் படிவத்தின் முடிவைப் பயன்படுத்தக் கூடாது என்றார். சராசரி எண்ணைக் கைவிட வேண்டும், எத்தனை பேர் என்ன பதில் சொன்னார்கள் என்றே காட்ட வேண்டும் என்றார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாணவரைக் கேட்கவே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வகுப்பில் தம் அனுபவம் என்ன என்பதற்கு மாணவரே சாட்சி. பாடத்தின் ஆழத்தையும் கற்பிக்கும் திறனையும் நிறுக்க அந்தத் தராசு போதாது. அதற்கு வகுப்பைப் பார்க்க வேண்டும், ஆசிரியர் தயாரித்த பாடங்களைப் பார்க்க வேண்டும். இதுதான் தீர்ப்பின் சாரம்.

நம் கல்லூரிகளில்

நம் நாட்டில் 1994-ல் அமைந்த தேசிய மதிப்பீட்டுக் குழு, அதாவது நீங்கள் 'நாக்' என்று சொல்லும் ஸ்தாபனம், மாணவர் அபிப்பிராயத்தைக் கல்லூரியின் தரத்துக்கு ஓர் அளவாக்கியது. 2017-ல் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு ஒன்றையும் சேர்த்தது. நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. மாணவனைக் கேள் என்று சொல்வது நல்லதே. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? குழு வரும் வருஷம் படிவங்கள் அவசர அவசரமாக நிரப்பப்படுகின்றன. "நல்லதாகவே எழுது" என்று மாணவனுக்குச் சொல்லித் தரப்படுகிறது. குழு போனதும் கட்டு கட்டாக அலமாரிக்குப் போகின்றன.

மாணவன் உண்மையை எழுதுவானா? பல கல்லூரிகளில் நூற்றுக்கு 25 மதிப்பெண் அகமதிப்பீடு. அது ஆசிரியர் கையில். பதிவெண்ணைப் போட்டுத்தான் கணினியில் படிவமே திறக்கும். ரகசியம் என்று ஆயிரம் முறை சொன்னாலும் அவன் நம்பமாட்டான். மறுபக்கம், ஒப்பந்த ஆசிரியரின் சோறு மாணவன் கையில். ஒருவரை ஒருவர் பயந்துகொண்டு இருவரும் பொய் சொல்கிறார்கள். நல்ல மதிப்பெண் போட்டால் நல்ல மதிப்பெண் கிடைக்கும் என்ற எழுதாத ஒப்பந்தம் வகுப்பறையில் உருவாகிறது. இதில் கல்வி எங்கே?

இன்னும் ஒன்று. நான் பார்த்த படிவங்களில் இருபது கேள்வி என்றால் அத்தனையும் ஆசிரியரைப் பற்றியே. ஆய்வுக்கூடத்தில் ரசாயனப் பொருள் இருக்கிறதா? நூலகம் மாலையில் திறந்திருக்கிறதா? விடுதியில் தண்ணீர் வருகிறதா? காலியான ஆசிரியர் இடம் எத்தனை மாதமாகக் காலி? ரசீது இல்லாமல் பணம் வாங்கினார்களா? இப்படி ஒரு கேள்வி கிடையாது! கேட்பவர் தம்மைப் பற்றிக் கேட்பதில்லை. ஒரே வகுப்பில் எண்பது பேரை அடைத்துவிட்டு, "ஆசிரியர் தனிக் கவனம் செலுத்தினாரா?" என்று கேட்பது என்ன நியாயம்?

ஆசிரியத் தோழர்களுக்கு

நிர்வாகத்தைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிட முடியாது. பத்து வருஷத்துக்கு முந்திய நோட்டை வைத்துக்கொண்டு அப்படியே எழுதச் சொன்னவர்கள் நம்மில் இல்லையா? பரீட்சைத் தாளைத் திருத்திக் கொடுக்காமலே பருவத்தை முடித்தவர்கள் இல்லையா? மாணவன் வாய் திறந்தால் "அகமதிப்பீடு ஞாபகம் இருக்கட்டும்" என்று மிரட்டியவர்கள் இல்லையா? படிவத்தை எதிர்க்கிறோம் என்ற பெயரில் இவர்களுக்கு நாம் குடை பிடித்தால், மாணவன் நம்மை நம்பமாட்டான். நம்பவும் கூடாது.

என் அனுபவம் ஒன்று. ஒரு வருஷம் எனக்கு ஐந்துக்கு மூன்று வந்தது. அந்த மூன்று எனக்கு ஒன்றும் கற்றுத் தரவில்லை. ஆனால் ஒரு மாணவி படிவத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள்: "சார், நீங்கள் பலகையை மறைத்துக்கொண்டு எழுதுகிறீர்கள். நாங்கள் எழுதி முடிப்பதற்குள் அழித்துவிடுகிறீர்கள்." இருபது வருஷம் வேலை பார்த்தவன் நான். யாரும் சொன்னதில்லை. மறுநாளிலிருந்து ஒதுங்கி நின்று எழுதினேன். பத்து எண்கள் செய்யாததை ஒரு வரி செய்தது.

நாம் கேட்பது

ஆகவே படிவத்தைக் கிழிக்கச் சொல்ல நான் வரவில்லை. அதை மாணவனிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறேன்.

கேள்விகளை மாணவர் பிரதிநிதிகளும் ஆசிரியர்களும் சேர்ந்து எழுத வேண்டும்.

மதிப்பெண்ணைக் கேட்பதைவிட நடந்ததைக் கேட்க வேண்டும். எத்தனை வகுப்பு நடந்தது? விடைத்தாள் எத்தனை நாளில் திரும்பியது? எந்தப் பாடம் புரியவில்லை?

பருவ முடிவில் மட்டுமல்ல, பருவத்தின் நடுவிலேயே கேட்க வேண்டும். போன பிறகு கேட்டால் வரப்போகிறவனுக்கு உதவும். எழுதியவனுக்கு என்ன பயன்?

நிர்வாகத்தைப் பற்றியும் அதே தாளில் கேட்க வேண்டும். முடிவையும், எடுத்த நடவடிக்கையையும் அறிவிப்புப் பலகையில் போட வேண்டும்.

சராசரி எண்ணைக் காட்டி யாருடைய வேலையும் பறிக்கப்படக் கூடாது. குறை இருந்தால் சக ஆசிரியர்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும், ஆசிரியர் தம் பதிலைச் சொல்லட்டும்.

மாணவ நண்பர்களே! உங்கள் கையில் அந்தத் தாள் வரும்போது, அதில் யாருடைய கேள்வி இருக்கிறது, உங்கள் பதில் எங்கே போகிறது என்று முதலில் கேளுங்கள். ஆசிரியத் தோழர்களே! மாணவன் எழுதும் அந்த ஒரு வரிக்குப் பயப்படாதீர்கள். அதைக் கேட்கும் காது நமக்கு இருந்தால், நம்மை மிரட்டும் எண் நிர்வாகத்தின் கையில் இருக்காது.

அந்தக் கணித ஆசிரியையின் மாணவர்கள் அன்று என்னிடம் வந்து கேட்டார்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து, ஆசிரியர்களையும் அழைத்துக்கொண்டு, நிர்வாகத்திடம் போய்க் கேட்டிருந்தால்? அன்று அது நடக்கவில்லை. இனி நடக்கட்டும். இந்தப் பந்தலில் இன்று நாம் சேர்ந்து உட்கார்ந்திருப்பது அதன் தொடக்கமாகட்டும்.